வெட்டி ஒட்டியவர்களின் வரலாறு



பள்ளித் தவணை முடியச் சில வாரங்கள் இருக்கையில் பிள்ளைகளுக்குத் திரட்டேடு செய்யும் பணி கொடுக்கப்படுவது வழக்கம். அன்று மாலையே மணிலா அட்டை, வண்ணத்தாள், மினுக்குத்தூள், பசை என ஒரு பை நிறைந்துவிடும். இரவு பத்து மணிக்கு அம்மா வெட்ட, அப்பா அளக்க, பிள்ளை தூங்கி வழிய, ஒருவாறு ஏடு முடியும். மறுநாள் ஆசிரியர் புள்ளியிடுவார். ஆண்டு முடிந்ததும் அதே ஏடு பழைய நாளிதழ்க் கட்டோடு எடைக்குப் போய்விடும்.

அண்மைக் காலமாக இப்பணியோடு 'மிக்ஸ்ட் மீடியா' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டுள்ளது. தமிழில் இதனைக் கலப்பு ஊடகம் எனலாம். நிழற்படம், துணி, சருகு, நாளிதழ்த் துணுக்கு, நீர்வண்ணம், தையல், கையெழுத்து எனப் பல பொருள்களை ஒரே பக்கத்தில் இணைத்து அமைப்பதே இம்முறை. "ஐயா, இதெல்லாம் வெறும் அலங்காரந்தானே? இதற்கு ஏன் இத்தனை செலவு?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண வேண்டுமானால் இக்கலை வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வழியில் இரண்டு ஆசைகள் தொடர்ந்து வருவதைக் காண்கிறேன். ஒன்று, அழியக்கூடியதைக் காக்கும் ஆசை. மற்றொன்று, கையில் கிடைத்ததை வெட்டிப் புதியதொன்றை ஆக்கும் ஆசை. இவை இணங்கிப் போன இடங்களும் உண்டு. மோதிக்கொண்ட இடங்களும் உண்டு.

திரட்டத் தொடங்கிய காலம்

ஐரோப்பாவில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கற்றோர் பலரும் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருந்தனர். படித்ததில் பிடித்த வரிகள், மருந்துக் குறிப்புகள், கணக்குகள், கடிதப் படிகள் என எல்லாம் அதில் இடம்பெற்றன. ஏடு பெருத்தபோது தேடுவது கடினமாயிற்று. அதற்கு மெய்யியலறிஞர் ஜான் லாக் ஒரு வழி கண்டார். தலைப்புச் சொல்லின் முதலெழுத்தையும் அதில் வரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு அட்டவணை அமைக்கும் முறை அது. 1686இல் பிரெஞ்சு மொழியிலும், அவர் மறைவுக்குப் பின் 1706இல் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது.

இதற்கு முன்பே, 1540களில், ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்களிடையே நட்பேடு வைத்திருக்கும் பழக்கம் தோன்றிவிட்டது. ஆசிரியரிடமும் நண்பரிடமும் கையெழுத்தும் வாழ்த்துரையும் வாங்கினர். குடும்பச் சின்னங்களை வண்ணத்தில் வரைவித்துக்கொண்டனர். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடியும்போது நண்பர்களிடம் நீட்டும் 'ஆட்டோகிராப்' ஏட்டின் மூதாதை இதுவே. எழுத்தும் ஓவியமும் ஒரே பக்கத்தில் கூடியதால் கலப்பு ஊடகத்தின் விதையையும் இங்கேயே காணலாம்.

நூலை அறுத்து நூல் செய்தவர்கள்

1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற ஆங்கிலப் பாதிரியார் இங்கிலாந்து மாந்தரின் வாழ்க்கை வரலாற்று நூலொன்றை வெளியிட்டார். அச்சில் கிடைத்த உருவப்படங்களைப் பட்டியலிட்டு அமைந்த நூல் அது. படித்தவர்கள் அத்தகைய படங்களைத் தேடி வாங்கி நூலின் ஏடுகளுக்கிடையே சேர்க்கத் தொடங்கினர். கடிதங்களும் வரைபடங்களும் பின்தொடர்ந்தன. நூலைப் பிரித்து, புதிய தாள்கள் சேர்த்து, மீண்டும் கட்டடம் செய்ததில் ஒரு நூல் பல தொகுதிகளாகப் பெருத்த நிகழ்வுகள் உண்டு. கிரேஞ்சரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது.

ஆனால் அந்தப் படங்களில் பல வேறு நூல்களிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டவை. ஒருவர் தம் ஏட்டை அழகுபடுத்த, இன்னொரு நூல் முடமாயிற்று. காக்கும் ஆசையை வெட்டும் ஆசை விழுங்கிய முதற்பெரும் நிகழ்வு என இதனைச் சொல்வேன்.

எழுபத்திரண்டு வயதில் ஒரு தொடக்கம்

அதே காலத்தில் வாழ்ந்தவர் மேரி டெலானி அம்மையார். 1700இல் பிறந்த இவர், இருமுறை மணந்து இருமுறையும் கணவரை இழந்தவர். 1772இல், தம் 72ஆம் வயதில், ஒரு செந்நிறத் தாள்துண்டும் அருகிலிருந்த பூவின் இதழும் ஒரே நிறமாயிருப்பதைக் கண்டார். கத்தரிக்கோலை எடுத்து அந்த இதழை அப்படியே தாளில் வெட்டினார். தோழியான போர்ட்லண்டு சீமாட்டி அதனை மெய்யான இதழென்றே எண்ணினாராம்.

அதற்குப் பின் ஏறத்தாழ பத்தாண்டுகள் அம்மையாரின் கை ஓயவில்லை. கருமை பூசிய தாளின்மேல் நுண்ணிய வண்ணத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டி, பூச்செடிகளைத் தாவரவியல் துல்லியத்தோடு உருவாக்கினார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் ஆனதும் உண்டு. தேவைப்பட்ட இடத்தில் நீர்வண்ணம் தீட்டினார். சில படங்களில் மெய்யான இலையையே தாளோடு சேர்த்து ஒட்டினார். கண்பார்வை மங்கி 1782இல் அவர் பணியை நிறுத்தியபோது 985 படங்கள் ஆகியிருந்தன. அவற்றை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் காத்து வருகிறது.

இவரை நான் மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ஒவ்வொரு படத்திலும் செடியின் பெயரையும் நாளையும் இடத்தையும் அவர் குறித்து வைத்தார். அதனால் அவருடைய பணி அழகுக்கு அழகு, சான்றுக்குச் சான்று.

படம் மலிந்த நூற்றாண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கொதெஃப்ருவா எங்கெல்மன் 1837இல் பிரான்சில் வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணப்படங்கள் மலிந்தன. உருவத்தின் ஓரத்தையொட்டி அச்சிலேயே வெட்டப்பட்ட பூ, பறவை, குழந்தைப் படங்கள் ஜெர்மனியிலிருந்து கட்டுக்கட்டாக வந்தன. ஆங்கிலேயர் அவற்றை 'ஸ்கிராப்' என்றழைத்தனர். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் 'ஸ்டிக்கர்' தாளுக்கு முன்னோடி இதுதான்.

1854இல் பாரிசில் டிஸ்டேரி என்பவர், ஒரே தகட்டில் பல சிறு நிழற்படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நிழற்படம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. 1860களில் இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பெண்கள் இப்படங்களின் தலைகளை வெட்டி, தாங்கள் நீர்வண்ணத்தில் தீட்டிய காட்சிகளுக்குள் ஒட்டினர். உறவினர் ஒருவரின் முகம் வாத்தின் உடலில் அமர்ந்திருக்கும். இன்னொருவர் விசிறியின் மடிப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார். வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு எனக் கருதி இதனை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. 2009இல் சிக்காகோ கலைக்கூடம் இவற்றுக்கெனத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

நம் மாணவர்கள் நன்கறிந்த இருவரும் இந்த வரலாற்றில் வருகிறார்கள். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், கதை சொல்லிக்கொண்டே தாளை வெட்டி உருவங்கள் செய்வதில் வல்லவர். 1859இல் நண்பர் அடோல்ப் டிரெவ்சனோடு சேர்ந்து, அந்நண்பரின் பேத்தி கிறிஸ்டினுக்காகத் தம் வெட்டுருவங்களும் அச்சுப்படங்களும் கலந்த படநூல் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1873 - 74இல், நோயுற்றிருந்த நாள்களில், ஒரு பெரிய மடிப்புத் தட்டி முழுவதும் படத்துணுக்குகளை ஒட்டி நிரப்பினார்.

இரண்டாமவர் மார்க் டுவெய்ன். டாம் சாயரைப் படைத்த இந்த அமெரிக்க எழுத்தாளர் தீவிரத் திரட்டேட்டாளர். பசைக்கிண்ணத்தோடு மல்லாடிச் சலித்த அவர், பக்கங்களில் முன்கூட்டியே பசைக்கோடுகள் தடவப்பட்ட ஏட்டைக் கண்டுபிடித்து, 24.6.1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஈரத்துணியால் கோட்டை நனைத்துத் துணுக்கை வைத்தால் போதும். அந்த ஏடு நன்றாகவே விற்றது.

நாளேட்டுத் துணுக்கே சான்றான கதை

திரட்டேடு வசதி படைத்தோரின் விளையாட்டு மட்டும் என்று எண்ணிவிட வேண்டா. பிலடெல்பியாவில் வில்லியம் டார்சி என்ற கறுப்பின அமெரிக்கர் 1837 முதல் 1923 வரை வாழ்ந்தார். அவருடைய தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்று, விருந்து சமைக்கும் தொழிலில் உயர்ந்தவர். டார்சி தம் மக்களைப் பற்றி நாளேடுகளில் வந்த செய்திகளையும் நிகழ்ச்சி அழைப்புகளையும் படங்களையும் பொறுக்கி ஒட்டி, ஏறத்தாழ 400 ஏடுகளை உருவாக்கினார். அடிமையாயிருந்தோர் வாழ்வு, கல்வி, பள்ளிகள், நாடகம், குற்றம், கொடுமை என்று பொருள்வாரியாகப் பிரித்தும் வைத்தார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 1976இல், செய்னி கல்லூரியில் அவ்வேடுகள் கண்டெடுக்கப்பட்டன. அந்நகரக் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதியோர்க்கு அவை அடிப்படைச் சான்றாயின.

நியூயார்க்கின் அலெக்சாண்டர் கம்பி என்பவரும் இவ்வாறே தம் மக்களின் வரலாற்றைத் திரட்டி, 1950இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

அக்காலத்தில் புது ஏடு வாங்க வழியில்லாத பலர், வேண்டாத கணக்குப் புத்தகத்தின்மீதும் அரசாங்க வேளாண்மை அறிக்கையின்மீதும் துணுக்குகளை ஒட்டினர். விலையுயர்ந்த பொருள் இல்லாமலேயே மதிப்புயர்ந்த ஏட்டைச் செய்யலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கலைக்கூடத்தில் நுழைந்த பசை

1912இல் பாப்லோ பிக்காசோ ஓர் ஓவியத்தில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியை ஒட்டினார். சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அவ்வாண்டிலேயே அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மரப்பலகைபோல் அச்சிடப்பட்ட சுவரொட்டுத் தாளை வெட்டித் தம் படத்தில் சேர்த்தார். ஒட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'கொலாஜ்' என்ற பெயர் பிறந்தது. பெண்களும் சிறுவர்களும் வீட்டு மேசையில் தலைமுறையாகச் செய்துவந்த வேலைக்குக் கலை என்னும் தகுதி அப்போதுதான் கிடைத்தது!

முதலாம் உலகப் போருக்குப் பின், 1919இல், ஜெர்மனியின் ஹானோவர் நகரில் கூர்ட் சுவிட்டர்ஸ் பயணச்சீட்டு, மிட்டாய் உறை, கம்பி, மரத்துண்டு ஆகியவற்றால் படங்கள் அமைத்தார். 'கொமெர்ஸ்' என்ற சொல்லைக் கொண்ட விளம்பரத் துண்டிலிருந்து வெட்டிய 'மெர்ஸ்' என்பதையே தம் கலைக்குப் பெயராக வைத்தார். உடைந்து கிடந்த நாட்டில் உடைந்த பொருள்களைக்கொண்டே கலை செய்தார். பெர்லினில் ஹானா ஹோக், மாத இதழ்களின் படங்களை வெட்டி அரசியலை எள்ளி நகையாடினார். இதழ் நிறுவனமொன்றில் பூத்தையல், பின்னல் மாதிரிகள் வரைந்து பிழைத்தவர் அவர். 1933ஐ ஒட்டி இதழ்ப்படங்களால் அவர் தமக்கெனச் செய்துகொண்ட திரட்டேடும் எஞ்சியுள்ளது.

பல பொருள்களைச் சேர்த்து ஒரு படம் செய்வது நமக்கும் புதிதன்று. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழம்பால் புடைப்பு எழுப்பி, கண்ணாடிக் கற்களும் பொன் தாளும் பதிக்கிறார்கள். இன்று கைவினைக் கடைகளில் 'ஜெஸ்ஸோ' என்று டப்பாவில் விற்கப்படும் வெண்பூச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பொருள் பழையது, டப்பாதான் புதியது.

தாளைத் தின்னும் அமிலம்

இனி இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. மோரிட்ஸ் இல்லிக் 1807இல் வெளியிட்ட முறைப்படி தாளுக்கு மெருகூட்ட மரப்பிசினும் படிகாரமும் சேர்க்கப்பட்டன. படிகாரத்தால் தாளில் அமிலம் உண்டாயிற்று. 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டால் மஞ்சளித்து, தாளை நொறுக்கிவிடும். விலை மலிந்தது, ஆயுளும் குறைந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ, 1900 முதல் 1949 வரை அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்தார். 1959இல் வெளியான அவருடைய முடிவின்படி, அவற்றில் 97 விழுக்காட்டு நூல்களின் பயன்படும் ஆயுள் ஐம்பதாண்டோ அதற்கும் குறைவோதான்.

1970களில் வீடுதோறும் புகுந்த ஒட்டும் ஆல்பங்களும் இத்தகையனவே. பசைக்கோடிட்ட அட்டையும் மேலே நெகிழித்தாளும் கொண்ட அவற்றில் படங்கள் மஞ்சளித்தன. பிரிக்க முயன்றால் கிழிந்தன. நம் வீடுகளிலும் இத்தகைய ஆல்பம் ஒன்றாவது இருக்கும்.

இந்நிலையில், 1980இல் சால்ட் லேக் நகரில் நடைபெற்ற உலக ஆவண மாநாட்டில், மேரியலன் கிறிஸ்டென்சன் என்ற இல்லத்தரசி தம் குடும்பத்தைப் பற்றிய திரட்டேடுகளைக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு பக்கமும் நெகிழி உறைக்குள் காக்கப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் இப்பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்க, அடுத்த ஆண்டே அவரும் கணவரும் கடை திறந்தனர். அமிலமற்ற தாள் என்ற சொல் பொதுமக்களிடம் பரவ அவர்கள் பெரிதும் காரணமாயினர். இன்றைய திரட்டேட்டு வணிகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் கையில்

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் குடும்பம்' என்ற தலைப்பில் அழகான ஏடொன்றைக் கொணர்ந்தாள். முதற்பக்கத்தில் தாத்தா பாட்டியின் திருமணப் படம் இதய வடிவில் வெட்டப்பட்டு, ஓரமெங்கும் மினுக்குத்தூளோடு ஒட்டப்பட்டிருந்தது. படி எடுத்ததில்லை; அசல் படமே அது. படத்தின் பின்புறம் நிழற்படக் கடையின் முத்திரையும் தேதியும் இருந்ததாம். வெட்டியதில் தேதி போயிற்று. தாத்தா நின்ற தோட்டத்து வீட்டு வாசலும் போயிற்று. அந்தத் தோட்டமும் இன்றில்லை. அங்கே வீடமைப்புத் திட்டம் எழுந்துவிட்டது.

பிள்ளைமேல் குற்றமில்லை. அழகாகச் செய்யச் சொன்னோம், செய்தாள். ஆனால் நம் நிலைமையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோரில் பெரும்பாலோர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை மைலோ டின்னுக்குள் கிடக்கும் சில தாள்கள்தாம்: கப்பல் பயணச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த நீலநிற வான்மடல், பள்ளித் தேர்ச்சி அறிக்கை. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்றவர்களின் கதை இவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. டார்சி பொறுக்கிய நாளேட்டுத் துணுக்கைப் போன்றவை இவை. கிரேஞ்சரின் வாசகர்களைப்போல் நாம் இவற்றை அறுத்துவிடக் கூடாது.

ஆகவே, என் வகுப்பில் நான் பின்பற்றும் சில நெறிகளை இங்கே வைக்கிறேன்.

1. அசல் வீட்டில், நகல் ஏட்டில். நகலை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், தீட்டலாம், தைக்கலாம். அசலை ஒட்டவோ 'லேமினேட்' செய்யவோ வேண்டா. சூட்டில் ஒட்டிய உறையைப் பின்னர் பிரிக்க இயலாது.

2. அசலை ஏட்டில் வைத்தே தீரவேண்டுமெனில், படமூலை ஒட்டிகளையோ தாளில் மடித்த சிறு பையையோ பயன்படுத்துக. ஒட்டுநாடா மஞ்சளித்துக் கறையாகும். குண்டூசியும் 'ஸ்டேப்ளர்' கம்பியும் நம் நாட்டு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும்.

3. பூவும் இலையும் சேர்ப்பதாயின் நன்றாக உலர்த்தித் தனியுறையில் இடுக. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி வரும்.

4. கடைச் சீட்டு, பேருந்துச் சீட்டு போன்றவை பெரும்பாலும் வெப்பத்தால் அச்சிடப்பட்டவை, எழுத்து மறைந்துவிடும். உடனே நகலெடுக்க.

5. கடுமையாக வாடையடிக்கும் பி.வி.சி. உறைகளைத் தவிர்க்க. அவற்றிலிருந்து வெளியாகும் அமிலம் படத்தைக் கெடுக்கும்.

6. ஒவ்வொரு பொருளின் கீழும் யார், எங்கே, எப்போது, யார் சொன்னது என்பதைப் பிள்ளை தன் கையால் தமிழில் எழுத வேண்டும். பாட்டியின் சேலைத்துணுக்கை ஒட்டினால், அச்சேலை எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்பதைப் பாட்டியிடமே கேட்டு எழுதட்டும்.

ஆறாவது நெறியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். துணி, தாள், சருகு, நிழற்படம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான சான்று. நிழற்படம் முகத்தைச் சொல்லும். சம்பளச் சீட்டு உழைப்பின் விலையைச் சொல்லும். சேலைத்துணுக்கு விழாநாளைச் சொல்லும். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்வதால்தான் அவற்றை ஒரே பக்கத்தில் கூட்டுகிறோம். கலப்பு ஊடகம் வெறும் அலங்காரமா எனக் கேட்ட பெற்றோர்க்கு இதுவே என் விடை. செலவைப் பற்றிய கேள்விக்கு டார்சியின் காலத்தவர் ஒட்டிய பழைய கணக்குப் புத்தகங்களே விடை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திரட்டேட்டுக்குப் புள்ளியிடும்போது, அழகுக்கு ஒதுக்கும் புள்ளியில் பாதியையாவது பிள்ளை எழுதிய குறிப்புக்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே, இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய டின்னைத் திறந்து, பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும். கத்தரிக்கோலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.